மீன்வாடை வேரும் பூண்டு லாரியும்

மழையில் மலை சரிந்து பாதை அடைபட்ட அன்றுதான் சூ தெஹாய் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தார். வடக்கே ஷான்டாங்கிலிருந்து லாரி நிறையப் பூண்டு ஏற்றிக்கொண்டு குவெய்யாங் சந்தைக்குப் போகிறவர். ஆள் நல்ல உயரம், வாசலில் குனிந்துதான் நுழைந்தார். என் அக்கா குய்லான் சோறும், புகையில் வாட்டிய பன்றிக்கறியும் வைத்தாள். கறியோடு மீன்வாடை வேரைப் போட்டு வதக்கியிருந்தாள். அது இல்லாமல் எங்கள் மலைக்காரர்களுக்குச் சோறு இறங்காது.

ஒரு வாய் வைத்தவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

“ஏம்மா, மீன் கெட்டுப்போச்சு.”

“அதுல மீனே கிடையாது” என்றாள் அக்கா.

“மீனே இல்லாம எப்படிம்மா கெட்டுப்போச்சு?”

“அது வேருங்க. வரப்புல தானா மொளைக்கிறது. லாரி நெறையப் பூண்டை வச்சுக்கிட்டு நீங்க வாடையப் பத்திப் பேசலாமா, டிரைவரே?”

கடையே சிரித்தது. அத்தான் இறந்த பிறகு அக்கா இப்படி வாயாடி நான் பார்த்ததில்லை.

மழை விடவில்லை. மண்ணை அள்ள அள்ளச் சரிந்தது. லாரியிலேயே படுத்துக் கிடந்தவருக்கு ஜலதோஷம் நெஞ்சில் இறங்கி, இருமல் எங்கள் அடுப்படி வரை கேட்டது. ஊர் வைத்தியர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு மனசு ஆறவில்லை. தூறலில் கூடையோடு வரப்புக்குக் கிளம்பினாள்.

“தட்டைத் தள்ளுன மனுஷனுக்கா?” என்றேன்.

“தட்டைத்தானேடி தள்ளுனாரு, என்னையா தள்ளுனாரு?”

இலையும் வேருமாகக் கொதிக்க வைத்து, கிண்ணத்தை ஏந்திக்கொண்டு லாரிக் கதவைத் தட்டினாள். அவர் மோந்து பார்த்தார்.

“அதே மீனா?”

“அதே மீன்தான். இப்ப நீந்துது. குடிங்க.”

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பாதை திறப்பதற்குள் இருமல் அடங்கிவிட்டது. மாத்திரையோ, கஷாயமோ, படுத்து எழுந்த தூக்கமோ, யார் கண்டது? அக்கா கஷாயம்தான் என்று சாதித்தாள். அவள் எதிரில் அவரும் அப்படியே சொன்னார்.

மற்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பின. இவர் மட்டும் டயரில் காற்று குறைவு என்று சொல்லி உட்கார்ந்திருந்தார். நான் போய் உதைத்துப் பார்த்தேன். டயர் கல் மாதிரி இருந்தது.

“அந்த வேர்ல கொஞ்சம் போடுங்க” என்று தட்டை நீட்டினார். முகத்தைச் சுளிக்காமல் மென்று விழுங்கப் பெரும்பாடு பட்டார்.

“பிடிக்கலன்னா துப்பிடுங்க” என்றாள் அக்கா.

“பிடிக்குதுன்னு பொய் சொல்ல மாட்டேன். பழகிக்கலாம்னு தோணுது.”

“எதுக்காம் பழகணும்?”

“அடிக்கடி வரலாம்னு இருக்கேன்.”

அக்கா காலியான தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

சொன்னபடியே வந்தார். சில தடவை லோடே இல்லாமல் வந்தார். அடுத்த வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. இப்போது லாரியை இந்த மாவட்டத்துக்குள்ளேயே ஓட்டுகிறார். ஓய்வு நாளில் இருவரும் வரப்புக்குப் போவார்கள். அவர் வெட்ட, அவள் மண்ணை உதறுவாள். கூடை நிறைந்ததும் ஓடையில் கால் நனைய உட்கார்ந்து கழுவுவார்கள். ஒரு கூடை வேரைக் கழுவ இவ்வளவு நேரமா என்று நான் கேட்பதில்லை. கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.