செட்டு மாத்திரை

விடிந்தும் விடியாததுமாகக் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள் மெடிக்கல் முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். டிராக்டர் வருவதற்குள் வாங்கியாக வேண்டும். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. "ஒரு செட்டு" என்று கையை நீட்டினால் போதும். செந்தமிழ்ச்செல்வி பழைய பேப்பர் துண்டில் மாத்திரைகளைப் பிய்த்துப் போட்டு மடித்துக் கொடுப்பாள். வலிக்கு ஒரு மஞ்சள், வயிற்றெரிச்சலுக்கு ஒரு சிவப்பு, தெம்புக்கு ஒரு சின்ன வெள்ளை. அந்த வெள்ளைக்குத்தான் மவுசு. அது உள்ளே போனால் குனிந்த இடுப்பு சாயங்காலம் வரைக்கும் ஏனென்று கேட்காது.

அவளுடைய அம்மா கமலாவும் இரண்டு வருஷமாக அதைப் போட்டுக்கொண்டுதான் வெட்டுக்குப் போகிறாள். "பொண்ணு மெடிக்கல்ல சேந்ததும் கமலாவுக்கு மூஞ்சி தளதளன்னு ஆயிடுச்சே" என்று தெருவில் சொல்வார்கள். அதைக் கேட்டால் செல்விக்குப் பெருமை பிடிபடாது.

மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் அவள் செல்போனில் மருந்தியல் பாடம் கேட்பாள். பிளஸ் டூவோடு நின்ற படிப்பு. டிப்ளமோ சேர வழியில்லாமல், யாரோ ஒரு டீச்சர் தமிழில் இலவசமாக நடத்துகிற ஆன்லைன் வகுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் தீனதயாளனுக்கு அது வேடிக்கை. "இன்னா செல்வி, தை பொறந்தா ஊசியே போட ஆரம்பிச்சிருவ போலக்கீதே?" என்பார்.

அன்றைக்கு ஸ்டீராய்டு பாடம், அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையின் வகை. ரொம்ப நாள் சாப்பிட்டால் முகம் உருண்டு திரளும், பார்க்கிறவர்கள் சதை போட்டிருக்கிறது என்று நினைப்பார்கள், தோல் மெலியும், எலும்பு இற்றுப்போகும் என்று டீச்சர் அடுக்கிக்கொண்டே போனார். திரையில் ஒரு பெண்ணின் படம் வந்தது. செல்வி உற்றுப் பார்த்தாள். அம்மாவின் முகம் அப்படியேதான் இருந்தது. "இந்த மருந்தை எப்படி நிறுத்துவது என்பதை அடுத்த பாடத்தில் பார்ப்போம்" என்றார் டீச்சர். நிறுத்துவதற்கு ஒரு பாடமா, கொடுக்காமல் விட்டால் நின்றுவிட்டுப் போகிறது என்று போனை அணைத்தாள்.

சாயங்காலம் அம்மாவிடம் பேசிப் பார்த்தாள்.

"எம்மா, நாளையிலேர்ந்து அந்த செட்டு வாணாம். ஒடம்புக்குக் கெடுதலாம்."

"அது இல்லாம எப்பிடிடி குனியறது? உங்கப்பனா சம்பாரிச்சுக்கினு வந்து கொட்றான்?"

பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் முதல் செல்வி அதே மூன்று நிறங்களில் சத்து மாத்திரைகளைத் தேடி அம்மாவின் செட்டில் வைத்து மடித்தாள். கமலா எப்போதும்போல வாங்கி விழுங்கினாள். பெற்றவளையே ஏமாற்றுகிறோமே என்று மனசு குத்தத்தான் செய்தது. நல்லதுக்குத்தானே என்று தேற்றிக்கொண்டாள்.

வாரம் திரும்பவில்லை. தோகை கழித்துக்கொண்டிருந்த கமலா வாந்தி எடுத்து, வெட்டிப்போட்ட கரும்பின் மேலேயே விழுந்தாள். தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

பிரஷர் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. குனிந்து கேட்டார். "ரொம்ப நாளா எதாவது மாத்திரை சாப்பிட்டு, இப்ப நிறுத்தினீங்களாம்மா?"

கமலா செருகிய கண்களைத் திறந்தாள். "இல்லீங்க... எம்பொண்ணு மாத்திரைக்குப் படிக்குது. அதான் தெனமும் அது கையால குடுக்குது. ஒரு நாளும் வுட்டதில்லீங்க."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு வேறு ஏதோ எழுதப் போனார். செல்வி கட்டிலைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள். இப்போது பேசாவிட்டால் அம்மா இல்லை.

"மேடம், நான்தாங்க மாத்திட்டேன். அஞ்சாறு நாளா வெறும் வைட்டமின்தாங்க குடுத்தேன்."

"சட்டுனு நிறுத்துனா உயிரே போயிரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். இதுகூடத் தெரியாம என்ன படிக்கிறே நீ?" என்று சத்தம் போட்டுக்கொண்டே அவர் ஊசிக்கு ஆள் அனுப்பினார். செல்வி கேட்காமல் விட்ட பாடம் அதுதான்.

மறுநாள் தெளிந்த பிறகு கமலா விஷயத்தைக் கேட்டாள். திட்டவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அத்தினி நாளும் ஒண்ணுமே இல்லாமயா வெட்டுனேன்? அதான் உசுரு போற வலி. வயசாயிடுச்சின்னு நெனச்சிக்கினேன்."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளை மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்து விட வேண்டும், மஞ்சள் ஆகவே ஆகாது, சில மாசத்துக்குக் குனிந்து வேலை செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"அதுவரைக்கும் இன்னாத்த துன்றதாம்?" என்றாள் கமலா மெதுவாக.

சாயங்காலம் வெட்டு மேஸ்திரி ராசு பிரெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். "எப்பிடிக்கீது ஒடம்பு? ஆளு கம்மியாக்கீது கமலா. திங்கக்கெழம வந்துரு. வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன், அப்பறம் வருத்தப்படக் கூடாது."

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்தார். "ரெண்டு செட்டு இருக்குது. போட்டுக்கினு தெம்பா வா" என்று தலையணைக்கு அடியில் செருகினார்.

செல்வி அதை எடுக்கக் கை நீட்டினாள். கமலா, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையாலேயே தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.