மாமனார் படுத்திருந்த பாறை

எங்கள் மலையுச்சியில் பாறைக்குள் வெள்ளை வெங்கச்சங்கல் நூல் நூலாக ஓடும். அந்த வெள்ளைக்குள்தான் கறுப்புத் தாது இருக்கும். மாவட்ட ஆபீஸ்காரர்கள் டங்ஸ்டன் என்பார்கள். கையில் எடுத்தால் கை இறங்கும், அத்தனை கனம். ஆனால் நூலளவு கல்லில் என்ன கிடைத்துவிடும்? மேலிருந்து குடைந்தால் இரண்டாள் ஆழத்திலேயே ஊற்றெடுத்துச் சுரங்கம் குளமாகிவிடும். என் மாமனார் லியாவ் ஆயுசு முழுக்க அதைக் குடைந்து, ஊர் சிரிக்கச் செத்துப்போனார்.

வருடம் முடிவதற்குள் நல்ல தாது காட்டாவிட்டால் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துச் சுரங்கத்தை மூடிவிட்டு, எங்களைப் பக்கத்து மலை ஷியே குலத்தாரிடம் கல் சுமக்க அனுப்பப்போவதாக ஆபீஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு மண்ணைத் தின்னலாம்.

ஓடையில் தாது அலசிக்கொண்டிருந்தபோது அந்த ஷியே லாவ்சான் வந்து நின்றான். அவர்கள் சுரங்கத்து மேஸ்திரி.

"என்ன யுன்ஜென், ஒங்க மலைக்கு நரை விழுந்திருச்சாமே? பேசாம எங்க பக்கம் வந்துர வேண்டியதுதானே!"

"ஒங்க மலைக்கு உச்சியில இருக்கறதும் இதே நரைதான்டா. அடியில தொப்பை போட்டதால ஆடுற!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு வாய்தான் வழி காட்டியது. அவர்களுக்குத் தடித்த கல் கிடைத்தது மலையடியில், ஓடைக்கரையில். அப்படியானால் எங்கள் மலை மட்டும் என்ன பாவம் செய்தது? அடியிலிருந்து பக்கவாட்டில் குடைந்தால் ஊற்றுத் தண்ணீரும் தானே ஓடையில் வடிந்துவிடும்.

அலசுகிற தட்டை அப்படியே போட்டுவிட்டு உச்சிக்கு ஏறி, அந்த நூல்களைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். மழை மண்ணை அரித்திருந்த இடங்களில் நூல் விரலாகியிருந்தது. இன்னும் கீழே நாலைந்து சேர்ந்து உள்ளங்கை அகலம். எல்லாம் நேராகப் போய் மலையடியில் ஒரே இடத்தில் மண்ணுக்குள் நுழைந்தன. அங்கே என் மாமனாரின் கல்லறை இருந்தது.

"அப்பா மேல கடப்பாரைய வைக்கச் சொல்றியா?" என்று எகிறினார் என் வீட்டுக்காரர் தெஷெங்.

"எலும்பெடுக்கிற மாசம் வந்தாச்சுல்ல? நம்ம வழக்கப்படி எப்படியும் எலும்ப ஜாடியில எடுத்து வேற எடத்துல வைக்கணும். இந்த வருசம் வைப்போமே."

மாமியார் சொன்னார்: "எடுக்கலாம். ஆனா அடியில ஒண்ணுமில்லேன்னா, செத்த மனுசனையும் சேத்து ஊரு சிரிக்கும். அப்புறம் மலைன்னு வாயத் தொறந்தே, இந்த வீட்ல ஒனக்குச் சோறு கெடையாது."

"சரி அத்தை," என்றேன்.

நல்ல நாள் பார்த்துக் காலையில் தோண்டினோம். குலமே கூடிவிட்டது. லாவ்சானும் பூசணி விதை கொறித்தபடி வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். எலும்பில் வெயில் படாமல் குடை பிடித்தார்கள். மாமியார் ஒவ்வொன்றாக வாங்கி, அரிசி மதுவால் துடைத்து, ஜாடியில் வைத்தார்.

எல்லாம் எடுத்தபின் குழியடியில் களிமண்தான் தெரிந்தது. லாவ்சான் சிரித்தான். தெஷெங் கடப்பாரையால் குத்தினார். டங்கென்றது.

"பொதைக்கிறப்பவே பாறை தட்டுச்சு, நிறுத்திட்டோம்," என்றார் சின்ன மாமனார்.

கல்லறைக் குழியில் பாறையை உடைக்கக்கூடாது, அது மலையின் எலும்பு என்பது எங்கள் வழக்கம். தினமும் பாறை உடைத்துப் பிழைக்கிற கூட்டம், உடைத்திருக்க வேண்டிய ஒரே இடத்தில் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது!

நான் குழிக்குள் குதித்து, களிமண்ணைக் கையால் வழித்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். வெள்ளை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரே வெள்ளை. அதற்குள் கறுப்புத் தாது கத்தி அலகு அலகாக நின்றது. தெஷெங் சம்மட்டியால் ஒரு துண்டைப் பெயர்த்தார். நான் அதை லாவ்சானிடம் நீட்டினேன்.

"இந்தா, நரை. பாத்துப் புடி!"

கனம் தாங்காமல் குனிந்தவன் நிமிரவே இல்லை. ஊர் கத்திய கத்தலில் மலை எதிரொலித்தது. எங்களை இனி யாரும் இங்கிருந்து கிளப்ப முடியாது என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

மாமியார் மட்டும் ஜாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "இத்தன வருசம் இது மேலயே படுத்துக் கெடந்தியே, ஒரு கனவுலயாவது வந்து சொன்னியா மனுசா?" கண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தெஷெங், அப்பாவ உச்சிக்குத் தூக்கிட்டுப் போ. ஷியே வீட்டு ஆளுங்க நம்மகிட்ட வேலை கேட்டு வர்றத அங்கேர்ந்து பாக்கட்டும்."