நஸ்ருதீன் வேகம் குறைத்த நாட்கள்

1963 கோடை விடுமுறை முடிந்து தங்கராசு சிதம்பரத்துக் கல்லூரி விடுதிக்குத் திரும்பியபோது, ஓடுவதற்கென்று வைத்திருந்த அரைக்கால் சட்டைக்குப் பித்தான் போட முடியவில்லை. திருவந்திபுரத்தில் அக்கா கல்யாணம், மறுவீடு, சொந்தக்காரர் விருந்து என்று இரண்டு மாதமும் தின்றும் தூங்கியுமே கழிந்திருந்தது. முதல் நாள் காலை மைதானத்தில் இரண்டாவது சுற்று முடிவதற்குள் விலாவில் குத்து எடுத்தது. வேலியோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

"ரெண்டு மாசத்துல ஒரு நாள்கூட ஓடலியா மச்சான்?" என்று கேட்டான் நஸ்ருதீன். அவன் உள்ளூர்க்காரன், மேலவீதியில் அவன் அத்தாவுக்குக் குடைக்கடை. மைல் ஓட்டத்தில் கல்லூரியிலேயே அவன்தான் முதல். தங்கராசு எப்போதும் நாலைந்து கஜம் பின்னால், இரண்டாவது.

"எங்க ஓடறது? பந்திக்கும் பாய்க்கும்தான் ஓடினேன்."

"கவலப்படாத. கடலூர்ல செலக்‌ஷன் செப்டம்பர்லதான. நான் கூடவே வரேன், மெதுவாப் போவலாம்."

சொன்னபடியே செய்தான். தினமும் விடிகாலையில் வந்து, தன் வேகத்தை அடக்கிக்கொண்டு, தங்கராசுவின் மூச்சுக்குத் தக்கபடி பக்கத்தில் ஓடினான். மாவட்ட அணியில் மைல் ஓட்டத்துக்கு ஒரே இடம். சென்னைப் போட்டியில் நன்றாக ஓடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று பேச்சு. இருவருக்கும் அது தெரியும். ஆனால் ஒருவரோடொருவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நஸ்ருதீன் கடையில் இருந்த நேரத்தில், தங்கராசு தனியாக ஓடிப் பார்த்தான். கைக்கடிகாரத்தை நம்ப முடியவில்லை. போன வருஷத்தைவிட மூன்று வினாடி குறைவு! உடனே போய் நஸ்ருதீனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. விடுதிக்கு நடந்து வருவதற்குள் மனசு மாறிவிட்டது.

மறுநாள் மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"இன்னுமா குத்துது?"

"ஆமாண்டா. நீ போ, என்னால உன் பிராக்டீஸ் கெடுது."

போக மாட்டான் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னான்.

"வுட்டுட்டா போவேன்?" என்று நஸ்ருதீன் நின்று முதுகைத் தடவிக் கொடுத்தான். தங்கராசுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தும் நாலு வாரம் தவறாமல் குனிந்தான். ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே வண்டிகேட் தாண்டித் தனியாக ஓடினான்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கடைசிச் சுற்றில் நஸ்ருதீன் வழக்கம்போல் முந்தப் பார்த்தான். கால்கள் கேட்கவில்லை, மெதுவோட்டத்துக்குப் பழகிப் போயிருந்தன. தங்கராசு பத்து கஜம் முன்னால் போய் ஜெயித்தான்.

நஸ்ருதீன் மூச்சிரைக்க வந்து அவனைக் கட்டிக்கொண்டான். "நான் தேத்தின ஆளு சார் இவன்!" என்றான் நடுவர்களிடம்.

திரும்பும் ரயிலில், உயரம் தாண்டும் சிங்காரம் எதிரே உட்கார்ந்திருந்தான். "எனக்கு அப்பவே தெரியும். ஞாயித்துக்கெழமன்னா வண்டிகேட் பக்கம் என்னா ஓட்டம் ஓடுவான்! ஒரு மாசமாப் பாக்கறேனே."

நஸ்ருதீன் தங்கராசுவைப் பார்த்தான். "அப்ப அந்த விலாக்குத்து?" என்று கேட்டான். தங்கராசு தலையைக் குனிந்துகொண்டான். நஸ்ருதீன் எழுந்துபோய், சிதம்பரம் வரும்வரை கதவோரம் நின்றான்.

சென்னையில் தங்கராசு ஆறாவதாக வந்தான். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சிதம்பரம் திரும்பியதும் குடைக்கடைக்குப் போனான்.

"வாங்க, உக்காருங்க" என்றான் நஸ்ருதீன்.

"மன்னிச்சுடு மச்சான்."

"அத வுடுங்க. உங்க வலி போவணும்னு பரங்கிப்பேட்டை தர்காவுல துவா கேட்டேன். அத நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு."

குடைக்கு விலை கேட்டு வந்தவரிடம் திரும்பிக்கொண்டான்.

நஸ்ருதீன் அதன்பின் ஓடவே இல்லை. தங்கராசு இன்னும் ஒரு வருஷம் ஓடினான். கல்லூரியில் அவனுக்கு ஈடாக ஓட ஆளில்லாததால், எல்லாப் பந்தயத்திலும் அவனே ஜெயித்தான்.