சாப்பிடுகிற கைப்பக்கம்

ஐஸ் இருக்கும் என்று நினைத்து இந்திராதேவி ஜூன் மாதத்தில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். டிவியில் ஐஸ் ஹாக்கி காட்டும்போது வெள்ளை வெளேரென்று தெரியும் அதே அரங்கம்தான். இன்று தரையெல்லாம் கறுப்பு விரிப்பு, அதன்மேல் வரிசை வரிசையாகக் கதிரைகள், ஒரு முனையில் மேடை. அவ்வளவு ஐஸையும் எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்கள் என்று கணவர் சண்முகலிங்கத்திடம் கேட்டார். அவருக்கோ தலை சுற்றிக்கொண்டிருந்தது. மொன்ட்ரியால்-நோரிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்துச் சரியாக வந்து சேர்ந்தவர், கட்டடத்துக்குள் நுழைந்த பிறகுதான் தொலைந்துபோனார். வட்டமான நடைபாதை ஒன்று. எத்தனை தரம் நடந்தாலும் அதே பொப்கோர்ன் கடை. கடைசியில் ஒரு திரையை விலக்கிப் பார்த்தபோது இந்த இடம் கிடைத்தது.

இடம் சரிதான் என்றார் இந்திராதேவி. பட்டம் வாங்கப்போகும் மகள் துஷாந்தினி காலையில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அதை இன்னொரு தரம் போட்டுக் காட்டினார்.

"அம்மா, மேடையைப் பாத்துக்கொண்டு நிண்டா சாப்பிடுற கைப்பக்கம். கீழ் வரிசையில இருங்கோ. அப்பா வந்தா எழும்பி நிக்கச் சொல்லுங்கோ. நான் பாப்பன்."

மொன்ட்ரியாலில் பிறந்த பிள்ளைக்குப் பிரெஞ்சில் எல்லாம் வரும். தமிழில் வலமும் இடமும் மட்டும் மாறிமாறி வரும். அதனால் வீட்டில் சின்ன வயதிலிருந்தே சாப்பிடுகிற கை, மற்றக் கை என்றுதான் திசை.

'அப்பா வந்தால்' என்ற இடத்தில் சண்முகலிங்கத்துக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வளாகத்துக்குப் போய் விவசாயம் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு கதைக்கவில்லை. கடல் தாண்டி வந்தது மண்வெட்டி பிடிக்கவோ என்று கேட்டதுதான் கடைசி வார்த்தை. பிறகு கோபம் போய்விட்டது, கதைக்காத பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதை எப்படி முறிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்று வாயே திறக்கத் தேவையில்லை, எழும்பி நின்றால் போதும் என்று மகளே வழி விட்டிருந்தாள். அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வாத்திய இசையோடு பிள்ளைகள் கறுப்பு அங்கியில் உள்ளே வந்தார்கள். பெரிய திரையில் துஷாந்தினியின் முகம் வந்தது. இவர் எழும்பி நின்றார். அவளோ எதிர்ப்பக்கத்து வரிசைகளைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டு போனாள்.

"ஏனப்பா அங்கால பாக்கிறாள்?" என்றார் இந்திராதேவி.

வழக்கம்போல மாறிப்போச்சு அவளுக்கு என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

"அவளின்ர சாப்பிடுற கை எது?"

இந்திராதேவி தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். சாப்பாட்டு மேசையில் மகளின் இடக்கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி வலக்கையில் வைத்து வைத்து, அவள் திரும்பத் திரும்ப மாற்றி, கடைசியில் தோற்றுப்போனவர் சண்முகலிங்கம்தானே.

"நீர் முழங்கால் வருத்தக்காரி, இதிலேயே இரும். நான் அங்கால போறன்."

பெயர்களை எழுத்து வரிசையில்தான் கூப்பிடுவார்கள், எஸ் எழுத்து வர நேரமிருக்கிறது என்று நினைத்தார். நடைபாதைக்கு வந்தால் எந்தப் பக்கம் நடப்பது என்று விளங்கவில்லை. ஒரு காவலாளியைக் கேட்டார். அவன் மிக மரியாதையாகக் கழிவறையைக் காட்டினான். பாதி தூரம் ஓடியபின் வழியை மறித்துக் கயிறு கட்டியிருந்தது. திரும்பி ஓடினார். மூச்சு வாங்கியது. பொப்கோர்ன் கடைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி அப்போது, "துஷான்தினீ... ஷான்முகாலென்காம்" என்றது.

ஒரு கணம் தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நின்றுவிட்டார். தகப்பன் பெயரைப் பின்னால் போட்டுப் பதிந்தது அவர்தான்; இவ்வளவு பெரிய சத்தத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. விவசாயத்துக்கு இவ்வளவு பேர்தானா, இதற்குள் எஸ் வந்துவிட்டதா என்று பதறிக்கொண்டு கிடைத்த திரையை விலக்கி உள்ளே விழுந்தார்.

இடம் சரியாக இருந்தது. கீழ் வரிசையில் இரண்டு கதிரைகள் காலியாக இருந்தன. மேடையில் வேறு யாரோ ஒருவனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் இந்தக் கதிரைகளைப் பார்த்திருப்பாளா? பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் தன் பிரெஞ்சில், ஒரு பிள்ளை இங்கே பார்த்தாளா என்று கேட்டார். அந்தப் பெண்மணி சிரித்து, "ஆம், ஆம், மிக அழகு" என்றார். எதற்குச் சொன்னாரென்று தெரியவில்லை. கீழே நூற்றுக்கணக்கான சதுரத் தொப்பிகள், எல்லாம் ஒரே கறுப்பு. எது அவளுடையது என்று கண்டுபிடிக்க முடியாமல் அழுகை வந்தது. கையை உயர்த்தினார். மறைக்கிறது என்று பின்னாலிருந்தவர்கள் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை.

மேடையில் ஏறிய முன்பின் தெரியாத ஒரு பெண், தனக்குத்தான் என்று நினைத்தோ என்னவோ, அவரைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். சண்முகலிங்கமும் அசைத்தார். அவளுக்குப் பிறகு வந்த பையனுக்கும் அசைத்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.