வெறும் வயிறு

ராஜலிங்கத்துக்குச் சீனி வருத்தம் இருப்பது மாதத்தில் ஒரு வாரம்தான். கிளினிக் நாளுக்கு முந்திய அந்த வாரத்தில் அவரைப்போல ஒழுங்கான நோயாளி வத்தேகமவிலேயே கிடையாது. குரக்கன் ரொட்டி, பாகற்காய், பின்னேரம் சந்தையைச் சுற்றி ஒரு நடை. ரத்தம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டியதும் நோய் பறந்துவிடும். கருப்பட்டி கடித்துக்கொண்டு ஒரு பிளேன்டீ, அது இறங்குவதற்குள் இன்னொன்று.

அழகம்மா திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள். சீனிப் போத்தலை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வேறு எதுவும் தெரியாத அந்தக் கண்ணுக்கு இது மட்டும் எப்படித் தெரிகிறதோ!

கண்தான் இப்போது பெரிய கவலை. இரண்டிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. புடைவைக் கடையில் துணி அளந்து கிழிப்பவர், நீலம் கேட்டால் கறுப்பை எடுத்துப் போடுகிறார். முதலாளி மர்சூக் நல்ல மனிதர். கண்ணைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், அதுவரை வேறு ஆள் எடுக்கமாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியிலோ இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீனி கூடியிருக்கிறது, கத்தி வைத்தால் புண் ஆறாது என்று. முன்பெல்லாம் ஒரு வாரப் பத்தியத்துக்கே பணிந்துவந்த சீனி எண், இப்போது பணிய மறுத்தது. இன்றைய கிளினிக்கிலும் குறையாவிட்டால் ஒப்பரேஷன் திகதி கிடையாது. முதலாளியும் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

இந்த யோசனையோடுதான் இருவரும் காலை பஸ்ஸில் கண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். மடவளையைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் பாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மழை வேறு.

அழகம்மா தற்செயலாகக் கணவரின் கையைத் தொட்டாள். ஈரமாக இருந்தது.

"என்னங்க, இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது?"

"பஸ்ஸு சூடு."

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"ரெண்டா போட்டேன்," என்று ராஜலிங்கம் பெருமையோடு சிரித்தார். "கோப்பைத் தண்ணியும் ரெண்டு தடவை குடிச்சேன். இன்னைக்குப் பாரு, நம்பரு தரையில கெடக்கும்."

பிலிமத்தலாவையில் வாங்கிய கோப்பை அது. கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்தது. அதில் இரவு முழுக்க ஊறிய தண்ணீரைக் குடித்தால் சீனி இறங்கும் என்று ஊரெல்லாம் சொல்லும். தண்ணீர் சரி, மாத்திரையும் சரி. வெறும் வயிற்றில் இரட்டை மாத்திரையோடு எல்லாம் ஒன்றாகவா? அழகம்மா, ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுவதற்கென்று கொண்டுவந்த பணிஸைப் பிய்த்து நீட்டினாள்.

"ஒரு வாய் சாப்பிடுங்க."

"ரத்தம் எடுக்காம ஒன்னும் தின்னக்கூடாதுன்னு நீதானே சொன்ன? எடு அங்கிட்டு."

சொன்னது அவள்தான். மாதாமாதம் சொன்னாள். இப்போது அவளுக்கும் ஒரு சபலம். இவ்வளவு பாடுபட்டாயிற்று, கொஞ்ச தூரம் பொறுத்தால் எண் குறைந்து வரும், திகதி கிடைக்கும், கடையும் மிஞ்சும். பணிஸை மடியிலேயே வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தாள். பஸ் அசையவில்லை. டிரைவரை மனதுக்குள் திட்டினாள், தோண்டியவர்களைத் திட்டினாள், முருகனையும் சேர்த்துத் திட்டினாள்.

ராஜலிங்கம் இரண்டு கையையும் விரித்து முன்சீட்டின் கம்பியை அளக்கத் தொடங்கினார்.

"மூணு கஜம் போதுமா அம்மா? பாவாடைக்கும் சேர்த்தா?"

"யாருகிட்டங்க பேசுறீங்க?"

அவருக்கு வாய் குழறியது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. முன்சீட்டிலிருந்த ஆஸியா உம்மா என்ற பெரியம்மா திரும்பிப் பார்த்தார். மடவளையில் ஏறியவர், மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"இவருக்குச் சீனி வருத்தமா மகள்?"

"ஆமாங்கம்மா. ரத்தம் குடுக்கப் போறோம். ஒன்னும் சாப்பிடல."

"யா அல்லாஹ்! இது சீனி எறங்கிப் போன. எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் வந்த. பாத்துக்கொண்டு ஈக்க வாணாம், இனிப்பு குடுங்க!"

தன் பையிலிருந்து கித்துள் பாணிப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். அழகம்மா விரலில் பாணியைத் தொட்டுக் கணவரின் உதட்டில் வைத்தாள். ராஜலிங்கம் பல்லை இறுக்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பினார். பக்கத்து ஆட்கள் பிடித்தார்கள், அவர்களையும் தள்ளினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கன்னத்தைத் தட்டினார்கள். வாய் திறக்கவில்லை. இத்தனை காலம் சீனி தேடி அலைந்த மனிதர், பாணி உதட்டில் வழிய வழிய வேண்டாம் என்கிறார்!

அழகம்மாவுக்குப் பயம் கோபமாக மாறிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீ' என்று சொல்லாதவள், பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"அட பாவி மனுசா! கண்ணு போனா போகட்டும், கடை போனா போகட்டும். நீயும் போயிட்டா நான் யாருகூட சண்டை போடுவேன்? வாயைத் தொற!"

வாய் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்துக்குள் தடவினாள். விழுங்கினார். மறுபடி தடவினாள். பஸ் நகரத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு இடம் புரிந்தது.

"என்ன எழவைடி குடுத்த?" என்றார். அழகம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பணிஸையும் பேசாமல் தின்றார்.

கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். எண் எகிறியிருந்தது. யாழ்ப்பாணத்து டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒன்னும் இல்லைங்க," என்றார் ராஜலிங்கம், வழக்கம்போல.

அழகம்மாவால் பொறுக்க முடியவில்லை. மாத்திரை, கோப்பை, பாணி, மாதாமாதம் நடக்கும் கருப்பட்டிக் கூத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டரம்மா கேட்டு முடித்துவிட்டுப் பேனையை மூடினார்.

"நல்ல நேரம் பாணி குடுத்தீங்கள். கண்ணை வெட்டுறதுக்கு முதல்ல ஆள் இருக்கவேணுமே? ஐயா, இண்டைக்கு எண் குறைஞ்சு வந்திருந்தாலும் நான் திகதி தந்திருக்கமாட்டன். மூண்டு மாசமா சீனி எப்பிடி இருந்ததெண்டு காட்டுற சோதனை ஒண்டு இருக்கு. அதை ஒரு கிழமைப் பத்தியம் ஏமாத்தாது."

"பத்தியம் இருந்தும் கூடுதே, டாக்டரம்மா?" என்று ராஜலிங்கம் கேட்டார்.

"ஓம், கூடும். சாப்பாடு மட்டுமே? நித்திரை இல்லாட்டிக் கூடும். காய்ச்சல் வந்தாக் கூடும். பயத்திலையும் கூடும். நேரத்துக்குச் சாப்பிட்டு, குடுத்த குளிசையை மட்டும் போடுங்கோ. பிறகு பாப்பம்."

திகதி கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் ராஜலிங்கம் வேகமாக முன்னால் நடந்தார். நடைபாதை விளிம்பில் தடுக்கி, பிடிக்க வந்த அவள் கையை உதறினார். எல்லாம் அவள் வாயால் கெட்டது என்று நினைக்கிறார். நினைக்கட்டும் என்று அழகம்மா விட்டுவிட்டாள். ஆனால், மர்சூக் முதலாளியிடம் என்ன சொல்வது?

மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கத்துக் கடையில் இட்லி எடுத்தார்கள். அவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க."

"எத்தினி?"

அவளுக்குத் தெரியவில்லை. இனி அவர் சாப்பிட்டாலும் பயம், சாப்பிடாவிட்டாலும் பயம்.

"ரெண்டு சாப்பிடுங்க. உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஏதும் செஞ்சா சொல்றேன்."

"நீ பாப்ப. எனக்கு உன் மூஞ்சி தெரியலயே, அழகு." குரல் இறங்கிவிட்டது. "எதுத்தாப்புல இருக்கிற, அப்பக்கூட தெரியல. பஸ்ஸுல யார் யாரோ வாய்க்குள்ள கையை விட்டாங்க. எல்லாம் புகையாத்தான் தெரிஞ்சுச்சு. பயந்து போய்ட்டேன். அப்பறம் ஒருத்தி திட்டுனா. அது நீதான்னு தெரிஞ்சுச்சு. அதான் வாயைத் தொறந்தேன்."

அழகம்மா இட்லியைப் பிட்டு, சாம்பாரில் தோய்த்து, அவர் கையில் வைத்தாள்.