ஒலிபரப்பத் தகாத சிரிப்பு

வானொலி நிலையத்தின் இசைத்தட்டு அறையில் முப்பத்தாறு வருடமாக வேலை பார்ப்பவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாதம். அக்கா பட்டம் மட்டும் வயதாகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுக்கி வைத்த ஆயிரக்கணக்கான தட்டுகளில் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் அன்று காலை ஒரே ஒரு தட்டின் பெயரைக் கேட்டதும், அது இருக்கும் அடுக்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

கேட்டவள் புதிதாக வந்த நிகழ்ச்சித் தயாரிப்பாளர், துறுதுறுவென்ற சின்னப் பெண். அந்தக் காலத்தில் தடை செய்த பாட்டுகளை இப்போது ஒலிபரப்பப் போகிறாளாம். முதலில் போடப்போகும் பாட்டைப் பாடிய அம்மாவையே தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டும் வந்துவிட்டாள். ஸ்டுடியோவில் அவர் காத்திருக்கிறார், தட்டை நீங்களே கொண்டு வந்து போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

தட்டு இருந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. அதன் மேல் ஆணியால் இழுத்த கீறலும் இருந்தது. இழுத்தவள் அக்காதான்.

முப்பத்தைந்து வருடமாகிறது. அதெல்லாம் ஒரு காலம். செவ்வாய்க்கிழமை தோறும் மூன்று பெரியவர்கள் குழுவாக உட்கார்ந்து புதுப் பாட்டுகளைக் கேட்பார்கள். அக்கா தட்டைச் சுழல விடுவாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி மூன்று வருடம், யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே தலை குனிந்துவிடும். அந்தப் பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. பேப்பரில் மூழ்கியிருக்கும் புருஷனைப் பெண்டாட்டி உள்ளே கூப்பிடுகிறாள். உலகச் செய்தி நாளைக்கும் இருக்கும், வாங்க என்கிறாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புதான் வம்பு. புருஷன் கூப்பிட்டால் காதல், பெண்டாட்டி கூப்பிட்டால் ஆபாசம், என்ன நியாயமோ! ஆபாசம்தானா என்று உறுதி செய்துகொள்ள மூவரும் அதை ஏழு தடவை போடச் சொன்னார்கள். ஐந்தாவது தடவை தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பாவம், கடமை என்று வந்துவிட்டால் மனிதர் அப்படித்தான்.

ஒலிபரப்பத் தகாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மற்றப் பாட்டுகள் வேண்டியிருந்ததால் தட்டைத் தூக்கி எறிய முடியாது. யாரும் தவறிக்கூட இதைப் போட்டுவிடாமல் இருக்க அந்தப் பாட்டின் மேல் மட்டும் ஆணியால் ஒரு கோடு இழுப்பது நிலையத்து வழக்கம். அக்கா இழுத்தாள். ரேடியோவில் வராத பாடகியை அப்புறம் எந்த இசையமைப்பாளர் கூப்பிடுவார்? வருகிற புதுத்தட்டு ஒவ்வொன்றின் உறையிலும் அந்த அம்மாவின் பெயரை அக்கா வருடக்கணக்காகத் தேடினாள். ஒன்றிலும் இல்லை. நம் கையால் ஒரு தொண்டையை அடைத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதிருந்தே உறுத்தல்.

ஊர் மட்டும் மாறிக்கொண்டே போனது. பத்தே வருடத்தில் பெருமூச்சுப் பாட்டுகள் காலை ஏழு மணிக்கே ஒலித்தன. பிறகு டிவி வந்து, முனகலையும் குலுக்கலையும் கூடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது. இப்போது பள்ளி ஆண்டு விழாவில் ஆறு வயதுக் குழந்தை இடுப்பை ஆட்டுகிறது, பெற்றவர்கள் பூரித்துப்போய்க் கை தட்டுகிறார்கள்.

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதா, பழைய தட்டு, எப்படியோ கீறல் விழுந்துவிட்டது என்று பூசி மெழுகுவதா? முடிவு செய்யாமலே அக்கா ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள்.

பாடகிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். இத்தனை நாளும் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தாராம். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அக்கா முள்ளை இறக்கினாள். சுற்றுக்கு ஒரு 'டக்' சத்தத்தோடு பாட்டு வந்தது. இரண்டு டக்குக்கு நடுவே அந்தச் சிரிப்பும் வந்து போனது.

"இதுக்கா மேடம் தடை பண்ணாங்க? தாலாட்டு மாதிரில்ல இருக்கு" என்றாள் சின்னப் பெண். பாராட்டாகத்தான் சொன்னாள். பாடகியின் முகம் வாடிவிட்டது. அதைக் கவனிக்காமல், இந்த டக் சத்தத்தை எடுக்க முடியுமா என்று பொறியாளரைக் கேட்க அவள் வெளியே ஓடினாள்.

"பாடற வாய்ப்பு போனது கூடப் பரவால்ல" என்றார் பாடகி மெதுவாக. "இந்தப் பாட்டு யார் காதுலயும் விழாமயே போச்சே, அதுதான் மனசு ஆறல. இப்ப விழுந்து என்ன? காலம் தாண்டிடுச்சு."

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா கீறினேன். எழுதிக் குடுத்தாங்க, கீறிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

பாடகி அக்காவின் கைகளைப் பார்த்தார். திட்டுவார் என்று அக்கா காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"கீறுறதுக்கு முன்னாடி கேட்டியா?"

"ஏழு தடவை."

"எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை அக்காவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. குழுவும் கேட்கவில்லை. மூன்று ஆண்களும் தங்களுக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் யோசித்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் அவரை நானா கூப்பிட்டேம்மா" என்றாள். "கல்யாணமாகி மூணு வருஷத்துல அதுவரைக்கும் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. கூப்பிடலாம்னே எனக்குத் தெரியாது."

பாடகி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"உன் மூத்த பிள்ளைக்கு என்ன வயசு?"

"முப்பத்து நாலு. பொண்ணு."

பாடகி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, கீறின கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அவளை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றார். "நான் பாக்கணும்."