கர சுத்திகரிப்பு மையம்

டிரில்லிங் மெஷினை அழுத்தியது நான்தான். எலெக்ட்ரீஷியன் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு போர்டு மாட்ட எதற்குக் காத்திருப்பது என்று நானே இறங்கிவிட்டேன். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுவது எனக்குத் தெரியாது. நான் இந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி என்பது குழாய்க்கும் தெரியாது. பீய்ச்சியடித்ததில் என் சட்டை, வாஷ்பேசின், போர்டு எல்லாம் குளித்தன. போர்டில் கொட்டை எழுத்தில் 'கர சுத்திகரிப்பு மையம்' என்று இருந்தது. அந்த மாடிக்குப் போகும் வால்வை மூடினோம். இரண்டாம் மாடி வார்டுக்குக் கை கழுவும் மையம் வந்தது, கை கழுவத் தண்ணீர் போனது.

எதிர்க் கட்டிலில் இருந்து பாட்சா பார்த்துக்கொண்டிருந்தான். குரோம்பேட்டையில் செருப்புக் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதன். முந்தின நாள்தான் குடலிறக்க ஆபரேஷன் முடிந்திருந்தது. வேறெங்கோ போக இருந்தவனை "நம்ம ஆஸ்பத்திரி இருக்கறப்ப" என்று இழுத்து வந்தவன் நான்.

"இன்னா லோகு, கை கழுவறதுக்கா இம்மாம் பெரிய பேரு?"

"டெக்னிக்கல் வார்த்தைடா."

"தண்ணி எப்போ வரும்?"

"ப்ளம்பர் கோவிலம்பாக்கத்துலேர்ந்து வரணும்."

"அப்ப நாளைக்குன்னு சொல்லு."

அது 2008. எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் ஆசை வந்திருந்தது. சோதனைக்காரர்கள் அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு. அதற்குள் எங்கள் பேச்சே மாறிப்போயிற்று. கை கழுவுவது 'ஹேண்ட் ஹைஜீன்' ஆனது. கையில் ஒட்டிய கிருமி 'ட்ரான்ஸியன்ட் ஃப்ளோரா' ஆனது. பெயரைக் கேட்டால் ஏதோ பூச்செடி, தாம்பரம் நர்சரியில் தொட்டியில் வைத்து விற்பார்கள் போலிருக்கும். கட்டிலுக்கு ஒன்றாக 'ஹேண்ட் ரப்' பாட்டில்களும் வந்து இறங்கின. கையில் ஊற்றித் தேய்த்தால் போதும், தண்ணீரே வேண்டாம். ஆனால் இருக்கிறவர்கள் தேய்த்தே தீர்த்துவிட்டால், வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? அத்தனையையும் என் அறை பீரோவில் வைத்துப் பூட்டி, புது மருமகள் வந்த வீட்டு மாமியார் மாதிரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தண்ணீர் மறுநாளே வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் பாட்சாவுக்குக் காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடம் சிவந்து சீழ் கோத்திருந்தது. சீழை எடுத்து மருந்தை மாற்றினார்கள்.

"எனக்கு வந்தது வந்துட்டுப் போவட்டும்," என்றான். குரலில் கிண்டல் இல்லை. "வர்ற வியாழக்கெழம சித்திகாவுக்கு இங்கதான பித்தப்பை ஆபரேஷன்? எனக்கு எப்டி வந்துச்சுன்னு சொல்லு, இட்டுகினு வரேன். இல்லாட்டி வேற எடம் பாத்துக்கறேன். நீ சொன்னியேன்னுதான் லோகு வந்தேன்."

சித்திகா அவன் மனைவி. ரம்ஜான் மாதம் முழுக்க எனக்கு நோன்புக் கஞ்சி அனுப்பிவைக்கும் தங்கை. விசாரணையில் இறங்கினேன்.

"பாய்க்கு சுகர் இருக்கு சார்," என்றார் ஹெட் நர்ஸ் யூனிஸ். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார். தொப்பையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

டியூட்டி டாக்டர், "மல்டிஃபேக்டோரியல்" என்றார்.

"அப்படின்னா?"

"நிறைய காரணம் சார்."

"ஒண்ணாவது சொல்லுங்களேன்."

"ஒண்ணு மட்டும் சொன்னா அது மல்டிஃபேக்டோரியல் ஆகாதே சார்."

கடைசியில் ஆபரேஷன் செய்த டாக்டர் வேதசிரோமணியைத் தேடிப் போனேன். என் போர்டுக்குக் கீழே நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். வெகு நேரமாகக் கழுவுகிறார் என்று தோன்றியது.

"டாக்டர், பாட்சாவுக்கு எப்படி வந்தது?"

"சர்ஜிக்கல் சைட் இன்ஃபெக்‌ஷன். எந்த ஆஸ்பத்திரியிலயும் வர்றதுதான்."

"அது பேரு டாக்டர். அவன் காரணம் கேக்கறான். அடுத்த வாரம் அவன் பொண்டாட்டிய உங்க கையில ஒப்படைக்கணும்."

குழாயை மூடினார். துடைக்காமல், சொட்டும் கைகளைப் பார்த்தபடி நின்றார்.

"தண்ணி இல்லாத அன்னிக்கு அவர் கட்டைப் பிரிச்சுப் பாத்தது நான்தான், லோகநாதன். பக்கத்துக் கட்டில்காரர் கால் புண்ணைத் தொட்ட கை. கழுவல. ஹேண்ட் ரப் கேட்டேன். அது உங்க பீரோவுல இருக்கு, இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் தர மாட்டீங்கன்னு யூனிஸ் சொன்னாங்க. நான் நேரா உங்ககிட்ட வந்து சத்தம் போட்டிருக்கணும். போடல. அப்படியே தொட்டுட்டேன்."